மண்டபத்தில் கேட்கும் எண்ணிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர் ஒருவர், "நம்முடைய சிலம்பம் இருக்கும்போது கோயில் மண்டபத்தில் ஜப்பான்காரன் சண்டை எதற்கு?" என்று கேட்டிருந்தார். ஊர்ப் பெயரை அவர் எழுதவில்லை. ஆனாலும் பர்மாவின் மொன் மாநிலத்தில் இருக்கும் எங்கள் முடோன் ஊர்க் கோயில் மண்டபத்தைத்தான் சொல்கிறார் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மண்டபத்தில் சனி, ஞாயிறு தமிழ் வகுப்பு எடுப்பவள் நான். அதே மண்டபத்தில் செவ்வாயும் வியாழனும் கராத்தே நடக்கிறது. அதனால் பதில் எழுதும் கடமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. சிலம்பம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வரட்டும், என் வகுப்பு நேரத்தில் பாதியை நானே விட்டுக்கொடுக்கிறேன். எங்கள் ஊரில் கம்பு சுற்றத் தெரிந்த கடைசிப் பெரியவர் போய்ப் பல வருடம் ஆகிறது. இருக்கிறவர் கராத்தே மாஸ்டர் ஒருவர்தான். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக ஒரே இடத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

மாஸ்டரின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்தவர். மாஸ்டருக்கும் அதே வேலைதான். விடியுமுன் தோட்டத்துக்குப் போய், வெயில் ஏறுமுன் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வருவார். இளவயதில் வேலை தேடி ரங்கூன் போன இடத்தில், பர்மியர் ஒருவரிடம் கராத்தே கற்றார். ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. 2005இல் மோல்மீன் பாலம் திறக்கும்வரை இங்கிருந்து ரங்கூன் போவது லேசான காரியம் இல்லை. பஸ்ஸில் மோல்மீன், படகில் சால்வீன் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் மொத்தமா என்ற ஊர், அங்கிருந்து ராத்திரி ரயில். பெல்ட் தேர்வுக்காக அப்படிப் போவார், மறுநாளே திரும்புவார். கறுப்பு பெல்ட் தேர்வில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவைதான் தேறினார். அதை அவரே பிள்ளைகளிடம் சொல்வார், தேர்வில் தவறிய பிள்ளை அழும்போதெல்லாம்.

ஜப்பானை அவர் பார்த்ததில்லை. ஒரு முறை வெளிநாட்டுப் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மில் பலருக்கு அடையாள அட்டையே இழுபறியாக இருந்த காலம் அது. அட்டை இல்லாதவருக்கு ஏது பாஸ்போர்ட்? அந்த அழைப்புக் கடிதத்தை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார்.

இனி, என்னை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாத்தா, இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பட்டாளம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை. இங்கிருந்து தெற்கே போனால் தன்பியூசயாத்தில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வெள்ளைக்கல் வரிசை வரிசையாக, பெயரோடு. கூலிகளாகப் போய்ச் செத்த நம் ஆட்களுக்கு அங்கே ஒரு கல்லும் கிடையாது. தாத்தா உயிரோடு வந்தார். முழங்காலுக்குக் கீழே புண் ஆறிய பள்ளம் ஒன்று, என் கட்டைவிரல் உள்ளே போகும் ஆழம். சின்னப் பிள்ளையில் நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். தமிழ் வகுப்பு முடிந்து என்னைக் கூட்டிப்போக தாத்தா வந்தார். அன்றைக்கு ஏதோ காரணத்தால் கராத்தே வகுப்பும் அடுத்தாற்போல் இருந்தது. "இச்சி, நி, சான், ஷி" என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஜப்பானிய எண்களைக் கத்திக்கொண்டு குத்தினார்கள். மண்டபத்துப் படியில் கால் வைத்த தாத்தா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது. மாஸ்டர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். தாத்தா குடிக்கவில்லை.

"தம்பி, காலையில வரிசையில நிக்க வெச்சு இதத்தான் சொல்லச் சொல்லுவான். தப்பாச் சொன்னா மூங்கில் அடி. எம் பக்கத்துல நின்னவனுக்கு ஏழு வாயில வராது."

மாஸ்டர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "சரிங்க தாத்தா" என்று மட்டும் சொன்னார். அடுத்த வகுப்பிலிருந்து எண்ணிக்கை தமிழுக்கு மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக் குத்து, பத்துத் தடுப்பு, பத்து உதை, எல்லாம் தமிழில். தேர்வுக்கு ஜப்பானிய எண் வேண்டும் என்பதால் அதைத் தனியாக, மெதுவான குரலில் சொல்லிக்கொடுப்பார். தாத்தா சாகும்வரை மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை, அது உண்மை. ஆனால் படியில் வந்து உட்கார்ந்து, முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது. மாஸ்டரிடம் நம் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. மொன் இனப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பர்மியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவரைப் பர்மிய மொழியில் "ஸயா", அதாவது ஆசிரியர், என்று கூப்பிடும் அந்தப் பிள்ளைகளும் தமிழில்தான் எண்ணுகிறார்கள். ஏழு அவர்கள் வாயில் 'ஏலு' ஆகும். அப்போது மாஸ்டர் வகுப்பை நிறுத்தி, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று காட்டுவார். 1960களில் பள்ளிகள் அரசுடைமையாகி நம் தமிழ்ப் பள்ளிகள் போனபிறகு, கோயில் வகுப்பை நம்பித்தான் தமிழ் இருக்கிறது. அதில் என் பங்கு எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு அவர் பங்கும் இருக்கிறது. என் வகுப்புக்கு வர அடம்பிடிக்கும் பிள்ளைகூட அங்கே தொண்டை கிழிய 'எட்டு, ஒன்பது' சொல்கிறது.

'ஜப்பான்காரன் சண்டை' என்று எழுதிய அன்பருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கராத்தே ஓக்கினாவாத் தீவில், சீனத் தொடர்பில் வளர்ந்த கலை. பட்டாளத்துக்காரன் கண்டுபிடித்தது இல்லை. அதை 1922இல் தோக்கியோவுக்குக் கொண்டுபோய்க் காட்டிய ஃபுனாகோஷி ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய பயிற்சிக்கூடமே 1945இல் குண்டு வீச்சில் போய்விட்டது. 'கரா' என்றால் வெறும், 'தே' என்றால் கை. பிள்ளைகள் முதலில் கற்கும் ஹெய்யான் கட்டாக்கள், அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்கள், ஐந்து. ஐந்துமே தடுப்பில்தான் ஆரம்பிக்கும், ஒன்றுகூட அடியில் ஆரம்பிக்காது. காஞ்சிப் போதிதர்மர்தான் இதற்கெல்லாம் மூலம் என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. மாஸ்டர் சொல்ல மாட்டார். சான்று இல்லாததைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பார். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

போன வியாழன் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று புதிதாகச் சேர்ந்தது. மாஸ்டர் அதன் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருப்பது சிரமம். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டிவிரல் என்று ஒவ்வொன்றாக மடக்கி, மேலே கட்டைவிரலைப் பூட்டு மாதிரி வைத்தார். "கட்டைவிரல உள்ள வெச்சுக் குத்தினா உனக்குத்தான் வலிக்கும், பாப்பா." ரப்பர் பால் வாசம் போகாத பெரிய கை, அதற்குள் அந்தச் சின்ன முஷ்டி. வெள்ளை பெல்ட் இரண்டு சுற்றுச் சுற்றியும் நீளமாகத் தொங்கியது. அதையும் அவரே கட்டிவிட்டார்.

மாதக் கட்டணம் கொடுக்க முடியாத வீட்டிலிருந்து அரை வீசை வெங்காயம் வரும். வராவிட்டாலும் கேட்க மாட்டார். 2013 டிசம்பரில் தலைநகர் நேப்பிடோவில் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது, ரப்பர் விற்ற பணத்தில் ஆறு பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினார். அவர்களில் நான்கு பேர் இப்போது தாய்லாந்திலும் மலேசியாவிலும் வேலையில் இருக்கிறார்கள். பையன்கள் போய்விட்டார்கள். இன்று வகுப்பில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். சாயங்காலம் டியூஷன் முடிந்து இருட்டில் தனியாக வீடு வருகிற பிள்ளைகள் இவர்கள். மண்டபத்தைப் பூட்டினால் வேறு எங்கே போவார்கள்?

திருவிழாவில் நன்கொடை கொடுத்தவர்களுக்கெல்லாம் சால்வை போர்த்துகிறோம், நல்ல வழக்கம்தான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மாஸ்டர் பெயர் அந்தப் பட்டியலில் வரவில்லை. அடுத்த பங்குனி உத்திரத்துக்காவது நிர்வாகிகள் அதைச் செய்ய வேண்டும். கடிதம் எழுதிய அன்பரும் ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு வரட்டும். உள்ளே வர மனம் இல்லையென்றால் படியில் உட்காரலாம், தாத்தா உட்கார்ந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை,
முடோன், மொன் மாநிலம்