மெஷினுக்குக் கடன் கிடைக்கிறது, வீட்டுச் செலவுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அரசு தரும் உதவி பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன், மானியம், பயிற்சி எல்லாம் விரிவாக இருந்தது. ஆனால் தொழிலில் வருமானம் வரும் வரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் இருபது வருடம் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தவர். அச்சகத்தை மூடியதும் மானியக் கடனில் ஒரு கட்டிங் மெஷின் வாங்கினார். வேலை அத்துப்படி, ஆர்டரும் வந்தது. கடன் பணம் மெஷின் விற்றவர் கணக்குக்கு நேராகப் போய்விட்டதால் காகிதம், பசை, நூல் எல்லாம் கைக்காசில்தான். வேலை கொடுத்தவர்களோ பில் போட்டு இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் தந்தார்கள், அதற்குள் வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், வங்கித் தவணை எல்லாம் ஒன்றாக வந்து நின்றன, காகிதம் வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து வீட்டுக்குக் கொடுத்தார், அப்புறம் காகிதம் இல்லாமல் வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பினார். ஒன்பதாம் மாதம் வங்கியில் சொல்லிவிட்டு மெஷினைப் பாதி விலைக்கு விற்றபோது, அதன் பட்டன்களுக்கு மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரித்திருக்கவில்லை. அவருக்குத் தொழில் நடத்தத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த இடைக்காலத்தை யோசித்த நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 1983-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்தில், தொழில் தொடங்கிய வேலையில்லாதவருக்கு வாரம் 40 பவுண்டு வீதம் ஓராண்டு கொடுத்தார்கள். (சேர வேண்டுமென்றால் சொந்தப் பணமோ கடனோ 1,000 பவுண்டு காட்ட வேண்டும் என்றும் வைத்தார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை.) ஜெர்மனியில் 2006-ல் வந்த திட்டம் இன்றும் இருக்கிறது. வேலையிழந்தவருக்கான உதவித்தொகையும், காப்பீட்டுச் செலவுக்கு மாதம் 300 யூரோவும் சேர்த்து ஆறு மாதம் கிடைக்கும். அமெரிக்காவில் 1993-ல் வந்த சட்டப்படி, விரும்பும் மாநிலங்கள் தொழில் தொடங்குபவருக்கு, அவர் வேறு வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வற்புறுத்தாமல், உதவித்தொகை தரலாம்.

இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எப்படியும் தொழில் தொடங்கியிருக்கக்கூடியவருக்கே பணம் போகும், புதுக் கடை பழைய கடையின் வாடிக்கையாளரைத்தான் இழுக்கும் என்கிறார்கள். சரி, அப்படியும் நடக்கும்தான். அதற்காகத்தான் ஜெர்மனியில் தொழில் தெரிந்த ஓர் அமைப்பு, தொடங்குபவரின் தொழில் திட்டத்தைப் படித்துப் பார்த்து, இது ஓடும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணனின் திட்ட அறிக்கையை அப்படி யாராவது உட்கார்ந்து பார்த்திருந்தால், பில் பணம் வர இரண்டு மாதம் ஆகுமே, அதுவரை என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேட்டிருப்பார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் ஆறு மாதமாவது வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை மாதாமாதம் கொடுங்கள், தவணையை அதற்குப் பிறகு தொடங்குங்கள், கடனில் ஒரு பங்கு மூலப்பொருள் வாங்கக் கையில் கிடைக்கட்டும். அரசு அலுவலகங்கள் இப்படிப்பட்ட சின்னத் தொழில்காரர்களிடம் வேலை வாங்கினால் பில்லை இழுத்தடிக்காமல் கொடுக்கட்டும்.

அண்ணன் இப்போது இன்னொருவரிடம் கூலிக்குப் பைண்டிங் செய்கிறார். விற்றுவிட்ட மெஷினுக்கு இன்னும் மாதாமாதம் தவணை கட்டுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்