78 டிகிரிக்குப் பயப்படாதே

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. அவள் விட்டுச்சென்ற கணினியில் இரவுகளில் நீ விளையாடுகிறாய் என்பது அதைவிடச் சந்தோஷம். வேலை, வீடு என்றே இருபது வருடத்தை ஓட்டியவன் நீ.

விளையாடும்போது, திரையில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு 78 டிகிரி காட்டுகிறது, எரிந்துவிடுமோ என்று கேட்டிருந்தாய். எரியாது. கனமான விளையாட்டு ஓடும்போது 65 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை போவது வழக்கம்தான். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 93 டிகிரி, 4090க்கு 90 டிகிரி என்று அவற்றை உருவாக்கும் என்விடியா நிறுவனமே உச்ச வரம்பு சொல்லியிருக்கிறது. அந்த வரம்பை நெருங்கினால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடானால் கணினி அணைந்துவிடும். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த பொருள் அது.

ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதே. போன கோடையில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் கார்டு 74 டிகிரிதான் காட்டியது. ஆனாலும் அரை மணி நேரம் விளையாடினால் விசிறிகள் இரைச்சலிடும், படம் திக்கித் திக்கி நகரும். வெப்பநிலை சரியாகத்தானே இருக்கிறது என்று மூன்று வாரம் வேறு எதை எதையோ சந்தேகித்தேன். கடைசியில் ஹாட்ஸ்பாட் என்ற இன்னொரு அளவைப் பார்த்தேன். சிப்பிலேயே மிகவும் சூடான இடத்தின் வெப்பம் அது. 106 டிகிரி! இன்னொரு நிறுவனமான ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டில் இந்த அளவு 110 வரை போகலாம் என்று சொன்னதுண்டு. ஆகவே எண் பெரியது என்பதற்காக நான் பதறவில்லை. இரண்டு அளவுக்கும் நடுவே 32 டிகிரி இடைவெளி இருந்ததுதான் உறுத்தியது. 10, 15, மிஞ்சினால் 20 என்றுதான் அது இருக்க வேண்டும்.

உத்தரவாதக் காலம் முடிந்திருந்ததால் துணிந்து கழற்றினேன். சிப்பின் சூட்டை வெப்பத்தகடுகளுக்குக் கடத்த அதன் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் என்ற பசை ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் சிப் பளபளவென்று தெரிந்தது. மிச்சம் இருந்ததை நகத்தால் தொட்டால் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். இப்போது 70, ஹாட்ஸ்பாட் 84. அன்றிரவு விசிறிச் சத்தமே இல்லாமல் விளையாடிய நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

நீ அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. முதலில் கேபினெட்டைத் திறந்து தூசியைப் பார். வெப்பத்தகடுகளின் இடுக்கில் அது கம்பளி போலப் படிந்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள். தாறுமாறாகச் சுழன்றால் அதன் தாங்கி கெட்டுவிடும். பிறகு, உன் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படியிருக்க கார்டு நொடிக்கு 140 ஃபிரேம், அதாவது 140 படம், வரைந்து எதற்கு வேக வேண்டும்? விளையாட்டின் அமைப்பில் 60 என்று வரம்பு வைத்துவிடு. சூடு சட்டென்று இறங்குவதை நீயே பார்ப்பாய். அறை வெப்பமும் கணக்கில் சேரும். மதியத்தில் 78 காட்டுவது குளிர்ந்த இரவில் 72 காட்டலாம்.

ஹாட்ஸ்பாட் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுது. 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் நீயாகக் கழற்றாதே, அடுத்த மாதம் வருகிறேன், சேர்ந்தே பிரிப்போம். குழந்தையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்