எல்லா குளவியும் கதண்டு இல்ல சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் குளவிக் கூட்டுக்கு தீ வெச்ச போட்டோ போட்டு 'விஷக் குளவி'ன்னு தலைப்பு வெச்சிருந்தீங்க, அதுல இருந்தது கதண்டு (கொட்டினா உயிருக்கே ஆபத்தான பெரிய குளவி) இல்ல சார், கதண்டுன்னா ஃபயர் சர்வீஸைக் கூப்பிட வேண்டியதுதான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. இது சன்ஷேடுக்கு அடியில பேப்பர் மாதிரி கூடு கட்டுற சின்ன செவப்புக் குளவி, எங்க வீட்டு பழைய மரக் கேட்டை சுரண்டி மென்னு உருண்டையா தூக்கிட்டுப் போறதை தினமும் காபி குடிச்சுக்கிட்டே பாக்குறேன்.

அநேகமா இதோட அறிவியல் பேரு ரோபாலிடியா மார்ஜினேட்டா. பெங்களூரு ஐஐஎஸ்சி-ல (இந்திய அறிவியல் கழகம்) விஞ்ஞானி ராகவேந்திர கதக்கர் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணினது இதைத்தான், ஒவ்வொண்ணு மேலயும் கலர் கலரா பெயின்ட் புள்ளி வெச்சு, எது எதை முட்டுதுன்னு உக்காந்து நோட் பண்ணி. இதுல ராணி ரொம்ப சாது. ஆனா ராணியை எடுத்துட்டா கொஞ்ச நேரத்துலயே ஒரு வேலைக்காரக் குளவி திடீர்னு முரடா மாறி மத்ததையெல்லாம் விரட்டும், ஒரு வாரம் போல ஆனா அதுவே முட்டை போட ஆரம்பிச்சு சாதுவாயிடும், மத்ததுங்க எதிர்ப்பே காட்டாது (நம்ம கட்சிங்கள்ல நடக்குமா!). அடுத்த ராணி யாருன்னு அதுங்களுக்கு முன்னாடியே தெரியும் போல, நமக்குத்தான் பாத்தா தெரியாது.

அடுத்த தடவை போட்டோ போடும்போது என்ன குளவின்னு விவசாய காலேஜ்ல யாரையாவது கேட்டுட்டு போடுங்க.

– ஒரு வாசகர், தர்மபுரி