கேம் எஞ்சின் தேர்வு முக்கியமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறு குழுக்கள் உருவாக்கும் கேம்களுக்கு எந்த எஞ்சினும் (கேம்களை உருவாக்க உதவும் அடிப்படை மென்பொருள்) ஒன்றுதான் என்று சிலர் சொல்வது ஆடுபவருக்குப் பொருந்தலாம், உருவாக்குபவருக்குப் பொருந்தாது. கேம்மேக்கர் என்ற எஞ்சினில் உருவானது என்பதற்காக 2015-இல் வெளிவந்த அண்டர்டேல் என்ற கேமை யாரும் ஒதுக்கவில்லை. ஆனால், குறிப்பிட்ட வருவாயைக் கடந்த கேம்கள் நிறுவப்படும் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் விதிக்கப்போவதாக 2023 செப்டம்பரில் யூனிட்டி எஞ்சினை வழங்கும் நிறுவனம் அறிவித்ததையும், கடும் எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டு அதைக் கைவிட்டதையும் மறந்துவிடலாகாது.

தங்கச்சிமடத்தில் என் மகள், 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில், பாம்பன் கால்வாயில் பாய்மரப் படகு செலுத்தும் கேம் ஒன்றை, கட்டணமில்லாத் திறமூல (மூல நிரல் அனைவருக்கும் திறந்திருக்கும்) எஞ்சினான கோடோவில் உருவாக்கி வருகிறாள். பெரிய எஞ்சின்களைத் திறந்தாலே அக்கணினி திணறி நின்றுவிடுகிறது. கச்சான் காற்றில் பாய் புடைக்கும் ஒரே காட்சிக்கு மூன்று வாரம் உழைத்தாள். கரையோரப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களில் இத்தகைய திறமூல எஞ்சின்களைத் தமிழிலேயே கற்பிக்கப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.