குழலைக் குறை சொல்லும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய டார்கெட் தாள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 100 மீட்டரில் ஐந்து குண்டும் 14 சென்டிமீட்டருக்குச் சிதறிக் கிடக்கின்றன. போன வருடம் இதே ரைஃபிள் நாலு சென்டிமீட்டருக்குள் போட்டது என்று நீயே சந்தோஷமாகச் சொன்னாய். குழல் தேய்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி உடனே பணத்தை எடுத்துவிடாதே. உன் ரைஃபிள் சுடும் .308, குழலை மெதுவாகத் தேய்க்கிற தோட்டா வகை. ஒழுங்காக வைத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான ரவுண்டு தாங்கும். உனக்கு முன்னால் அதை வைத்திருந்தவரும் மான் வேட்டைக்காரர்தான் என்றாய். மான் வேட்டைக்குப் போகிறவர் வருடத்துக்கு எத்தனை பெட்டி சுடுவார்? அதோடு, தேய்மானம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக வருவது. ஒரே வருடத்தில் இப்படிக் கெட்டது என்றால் எங்கேயோ ஒன்று இளகியிருக்கிறது, இல்லை ஒன்று அழுத்துகிறது, இல்லை நீ ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறாய். அதைத்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன் வழக்கமானது. மேகஸினைக் கழற்று, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார், அதை மூடும் போல்ட்டை வெளியே எடு. தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் பார். துரு, அடைப்பு ஏதாவது தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆயுதத் தச்சரிடம் கொண்டுபோ. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அப்பா சொல்லாமல் எழுத முடியாது.

இப்போது தாளுக்கு வருகிறேன். உன் தாளில் எனக்கு இருக்கும் பெரிய குறை, எந்த ஓட்டை முதலில் விழுந்தது என்று தெரியவில்லை என்பதுதான். இரண்டு குண்டு கீழே இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கின்றன, மூன்று மேலே வலப்பக்கம். இது வெறும் சிதறல் இல்லை, இரண்டு குரூப். ரைஃபிள் இரண்டு இடத்தைக் குறிபார்த்திருக்கிறது. சுட்ட வரிசை தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. ஆறிய குழலில் முதல் இரண்டும் கீழே விழுந்து, சூடு ஏற ஏற மற்ற மூன்றும் ஒரே திசையில் மேலே நகர்ந்திருந்தால், குழல் எங்கேயோ அதைத் தாங்கும் மரக்கட்டையில் இடிக்கிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று, மறுபடி கீழே ஒன்று என்று மாறி மாறி விழுந்திருந்தால், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் அல்லது அதை ரைஃபிளோடு பிடிக்கும் மவுண்ட் ஆடுகிறது. இரண்டும் இல்லாமல் நாலா பக்கமும் விழுந்திருந்தால் குழலின் வாய், தோட்டா, ஸ்கோப்பின் உள்பாகம் என்று சந்தேகம் போகும். மேலும் கீழுமாக ஒரே கோட்டில் நீண்டால் மூச்சையும் ரைஃபிளைத் தாங்கும் மூட்டையையும் பார். குறுக்கே நீண்டால் காற்றையும் விசையை இழுக்கும் விரலையும் பார். ஆகவே அடுத்த முறை ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தனித் தொலைநோக்கியில் பார்த்து, கையில் இன்னொரு தாளை வைத்து எண் போட்டுக்கொண்டே வா.

ஒரு கேள்வி. அன்றைக்கு இரண்டு பெட்டித் தோட்டாவைக் கலந்து சுட்டாயா? படத்தின் மூலையில் இரண்டு வேறு நிறப் பெட்டி தெரிகிறது. 150 கிரெய்ன் எடைக் குண்டும் 180 கிரெய்ன் எடைக் குண்டும் ஒரே ரைஃபிளில் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வேகம் வேறு, உதை வேறு, குழல் அதிரும் விதம் வேறு. அப்படிக் கலந்திருந்தால் ரைஃபிளில் ஒரு கோளாறும் இல்லாமலேகூட இந்தத் தாள் வந்திருக்கும். ஒரே கம்பெனி, ஒரே எடை, முடிந்தால் பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி வாங்கி மறுபடி சுடு. பிறகு வேறு எடைகளைத் தனித்தனியாகச் சுட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த தோட்டா ஒன்று உண்டு. விலை அதிகமானதுதான் பிடிக்கும் என்றும் இல்லை.

தோட்டாவைக் கலக்கவில்லை என்றால், அடுத்தது குழல் நுனியில் மாட்டும் சத்தம் குறைப்பான், சப்ரஸர். உங்கள் நியூசிலாந்தில் அதை எல்லோரும் மாட்டிக்கொண்டு போகிறார்கள், சட்டமும் அனுமதிக்கிறது. காதுக்கு நல்லது, உதையும் குறைகிறது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழலின் நுனியில் அத்தனை எடை தொங்கும்போது, அது கால் சுற்று இளகினாலே குண்டு விழும் இடம் மாறிவிடும். சுடச்சுட, சூட்டில், தானாக இளகும். பத்து ரவுண்டுக்கு ஒரு முறை ரைஃபிளைக் காலி செய்துவிட்டு அதை முறுக்கிப் பார். கழற்றி உள்ளே தடுப்புகளில் குண்டு உரசிய பளபளப்பு இருக்கிறதா என்றும் பார். இருந்தால் அதை மாட்டிச் சுடவே கூடாது. அதை மாட்டி ஜீரோ செய்தால், அதாவது ஸ்கோப்பின் குறியைக் குண்டு விழும் இடத்தோடு பொருத்தினால், மாட்டியே வேட்டைக்குப் போ.

அப்புறம் ஸ்க்ரூக்கள். நான் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்த காலத்தில் ‘இது சரியாகச் சுடவில்லை’ என்று ரேஞ்சிலிருந்து திரும்பி வரும் ரைஃபிளில் முதலில் கை போனது ஸ்க்ரூமேல்தான். உன்னுடையதில் மூன்று கூட்டம் இருக்கிறது: ரைஃபிள்மேல் இருக்கும் அடித்தட்டு, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள், கட்டையையும் போல்ட் ஓடும் இரும்பு உடலான ஆக்‌ஷனையும் சேர்க்கும் அடி ஸ்க்ரூக்கள். எவ்வளவு விசையில் முறுக்குகிறோம் என்று அளவு வைக்கிற டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கு. கை அளவுக்கு முறுக்குவது என்று ஒன்று கிடையாது. உன் கை வேறு, மாப்பிள்ளை கை வேறு. வளையங்களுக்குச் சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும், அதிகம் முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். அடி ஸ்க்ரூவுக்கு 4 முதல் 7 வரை, கட்டையைப் பொறுத்து. ரைஃபிளோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் எண்தான் உனக்குக் கணக்கு. அடித்தட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூ இளகாமல் பிடிக்கும் நீல நிறப் பூட்டுத் திரவம் ஒரு சொட்டு வைத்து மாட்டு. எல்லாம் முறுக்கியதும் ஸ்க்ரூத் தலைக்கும் வளையத்துக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு சின்னக் கோடு இழு. கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்தது என்று அர்த்தம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இத்தனைக்கும் பிறகு என் சந்தேகம் உன் மரக்கட்டைமேல்தான் போகிறது. நீ இருக்கும் ஹோகிடிகாவில் வருடத்துக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் மழை. ஐப்பசி மழையில் நம் வீட்டுப் பின்கதவு உப்பிக்கொண்டு மூடாமல் போகுமே, அதே மரத்தின் புத்திதான் துப்பாக்கிக் கட்டைக்கும். பாலிஷ் போன இடத்தில் தண்ணீர் குடிக்கும், முன்பகுதி முறுக்கிக்கொள்ளும், குழலின் ஒரு பக்கத்தைப் போய் அழுத்தும். சுடும்போது குழல் அதிர்கிறது; அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். கட்டை ஒரு பக்கம் தொட்டால் அது கெடும், சூடு ஏறினால் இன்னும் கெடும். சோதிப்பது சுலபம். ஒரு ரூபாய் நோட்டு மாதிரியான தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, நுனியிலிருந்து அறை வரைக்கும் இழுத்துக்கொண்டு வா. நடுவில் எங்கே மாட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறி. மூட்டைமேல் வைத்து, சுடும் நிலையில் அழுத்திக்கொண்டும் ஒரு முறை பார், ஏனென்றால் சும்மா இருக்கும்போது தொடாத கட்டை பாரம் வந்தால் தொடும். சில பழைய ரைஃபிள்களில் நுனிக்கருகே வேண்டுமென்றே ஒரு மேடு விட்டு அழுத்தம் கொடுத்திருப்பார்கள். உன்னுடையது எந்த வகை என்று தெரியாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதே. ஆயுதத் தச்சர் அதை இழைத்து, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்ஸி போட்டுப் பதிய வைத்து, மரத்தின் உள்பக்கமும் சீல் செய்து தருவார். புதுக் குழல் விலைக்கு அது எங்கேயோ குறைவு.

துப்புரவு பற்றியும் சொல்ல வேண்டும். குண்டின் மேல்தோல் செம்பு. அது குழலுக்குள் வரிகளில் ஒட்டிக்கொண்டே வரும், ஒரு அளவுக்குமேல் குறியைக் கெடுக்கும். செம்பைக் கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியை, பட்டாளத்தில் நாங்கள் சிந்தி என்போம், பின்பக்கத்திலிருந்து தள்ளு. நீலமாக வெளியே வந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. வெண்கலப் பிரஷ் போட்டால் அந்தப் பிரஷே நீலம் காட்டி ஏமாற்றும், நைலான் போடு. திரவத்தைப் பாட்டிலில் சொன்ன நேரத்துக்குமேல் ஊற விடாதே. கம்பியை வாய்ப்பக்கமிருந்து விடாதே. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற விளிம்பு அது, அங்கே ஒரு கீறல் விழுந்தாலும் வெளியேறும் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அந்த விளிம்பில் உள்ளிருந்து வெளியே இழுத்துப் பார். ஒரே இடத்தில் பஞ்சு மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. சுத்தம் செய்த பின் முதல் இரண்டு மூன்று ரவுண்டு வேறு இடத்தில் விழும், அதைக் கணக்கில் சேர்க்காதே. வேட்டைக்கு முந்தின இரவு பளபளவென்று துடைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம் இல்லை.

ஸ்கோப்பின்மேல் சந்தேகம் மிஞ்சினால் திறந்து பார்க்க வழியில்லை. நன்றாகச் சுடும் நண்பரின் ரைஃபிளிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி மாட்டிச் சுடு.

ஆள் பக்கமும் ஒன்று இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. தோள் உதைக்குப் பயந்து விசை விழும் முன்னே கண் மூடுவதும் உடம்பு இறுகுவதும் பெரிய பெரிய சிப்பாய்களுக்கே உண்டு. பயிற்சிக்கான போலித் தோட்டாவை உனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை நடுவில் ஒன்று போட்டுத் தரட்டும். ‘டிக்’ என்று மட்டும் சத்தம் வரும்போது குழலின் வாய் கீழே குனிந்தால் காரணம் அங்கேதான். குழலை மூட்டைமேல் வைக்காதே, கட்டையை வை. பின்புறமும் ஒரு சின்ன மூட்டை வேண்டும். உன்னுடையது மெல்லிய குழல், மூன்று சுட்டுவிட்டு, கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆற விட்டுத்தான் மீதி இரண்டு.

இதில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் மாற்று, ஐந்து சுடு, எழுதி வை. ஸ்க்ரூவையும் முறுக்கி, தோட்டாவையும் மாற்றி, துடைக்கவும் துடைத்துவிட்டு நன்றாகச் சுட்டால் எது சரி செய்தது என்று உனக்குத் தெரியாது. அடுத்த முறை கெடும்போது மறுபடி இருட்டில்தான் நிற்பாய்.

ஒரு சென்டிமீட்டர் குரூப்புக்கு ஆசைப்பட்டு அலையவும் வேண்டாம். 100 மீட்டரில் ஐந்தும் ஆறு சென்டிமீட்டருக்குள் வந்தால் மானுக்குத் தாராளம். இப்போது இருக்கும் 14, 200 மீட்டரில் 28 ஆகும். சிவப்பு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் அதைவிடப் பெரிதில்லை. குண்டு வயிற்றில் பாய்ந்த மான் புதருக்குள் போய் நாள்கணக்கில் சாகும். இங்கே இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை என்ற பேச்சே இல்லை, நான் சுட்டதெல்லாம் தாளைத்தான். நீ வேட்டைக்குப் போகிறாய் என்றபோது மனசு ஒப்பவில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மான், அடித்துத் தின்னப் புலி சிறுத்தை எதுவும் இல்லை, காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்து தீர்க்கிறது என்று நீ விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டேன். ஆனால் அந்த ஆறு சென்டிமீட்டர் வராமல் மார்ச் கடைசியில் ரோர் சீஸனுக்கு, ஆண் மான்கள் இணை தேடிக் கத்தும் அந்தப் பருவத்துக்கு, கிளம்பாதே. ரைஃபிள் தயாராகவில்லையா, இந்த வருடம் இறைச்சி வேண்டாம். போனாலும், கத்துகிற குரலையும் அசைகிற புதரையும் நம்பிச் சுடாதே, முழு மிருகத்தையும் பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும். அந்த சீஸனில் மனுஷனை மான் என்று நினைத்துச் சுட்டு உயிர் போயிருக்கிறது உங்கள் நாட்டில்.

முதலில் தோட்டாப் பெட்டி, பிறகு சப்ரஸர், ஸ்க்ரூ, காகிதச் சோதனை என்ற வரிசையில் போ. கட்டையைக் குழலோடு சேர்த்து மேலிருந்தும் முன்னாலிருந்தும் படம் எடுத்து அனுப்பு, இடைவெளி இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி. அடுத்த தாளில் ஓட்டைகளுக்கு எண் போட மறந்துவிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அம்மா உனக்குத் தனியாக எழுதுகிறாளாம்.

அன்புடன்,
அப்பா