உன் யானை இன்னும் அங்கேதான் இருக்கிறது

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு அடுப்படி வரைக்கும் அவரே நடக்கிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு மனசு லேசானது. அவரிடம் நான் விசாரித்ததாகச் சொல். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று எழுதியிருந்தாய், அவளை ரொம்பத் துரத்தாதே, அவள் படித்துவிடுவாள். இங்கே எல்லாரும் சௌக்கியம். தாம்பரத்தில் கொசுவும் தண்ணீர் லாரியும் எப்போதும்போல.

பொங்கல் முடிந்ததும் தஞ்சாவூருக்குப் போய் நாலு நாள் பெரியப்பா வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். உனக்கு அந்த வீடு ஞாபகம் இருக்கும், எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சை லீவில் என்னோடு வந்து ஒரு வாரம் இருந்தாயே. மேல வீதிக்குப் பின்னால் அந்தக் குறுகலான தெரு, ஓட்டு வீடு, நடுவில் முற்றம்.

ஒன்றும் மாறவில்லை, கூடத்தான் கூடியிருக்கிறது. திண்ணையில் உட்கார இடமே கிடையாது. கால் ஒடிந்த மரக்குதிரை ஒன்று, யாரோ வீட்டை இடித்தபோது விறகுக்குப் போக இருந்த யாளி செதுக்கிய கதவுத் துண்டு, வாய் உடைந்த ஊறுகாய் ஜாடிக்குள் நட்ட துளசி. ரேழியைத் தாண்டினால் ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசை, உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை நிறம் வாரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், பச்சையில் மட்டும் ஏழு பாட்டில். ஊஞ்சலில் யாரும் ஆட முடியாது, அதன் மேல் பெரியம்மாவின் பொம்மைகள் காய்கின்றன. தெற்கு வீதியில் வீணை செய்கிறவர் ஒருவர் விரிசல் விட்டதென்று ஒதுக்கிய பலாமரக் குடம் ஒன்று அடுப்படி வாசலில் இருக்கிறது, அதில் பெரியம்மா நூல்கண்டும் ஊசியும் போட்டு வைத்திருக்கிறார். அதில் விரலால் தட்டினால் இன்னும் 'டொம்' என்று கேட்கிறது, நான் போகும்போதும் வரும்போதும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போனேன். கழிவறைக் கதவில் கொக்கு வரைந்திருக்கிறார்கள். உள்ளே ஆள் இருந்தால் கொக்கின் கழுத்தில் ஒரு ரிப்பனை மாட்ட வேண்டும், அதுதான் தாழ்ப்பாள்.

போய்ச் சேர்ந்த அன்று காலையிலேயே பெரியம்மா என்னைக் கூழ் அரைக்க உட்கார வைத்துவிட்டார். பழைய பேப்பரைக் கிழித்து மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைக்க வேண்டும். முறத்துக்கு நம் பாட்டிகள் பூசுவார்களே, அதே கூழ்தான். வெந்தயம் சேர்ந்தால் பிடிப்பும் வரும், பூச்சியும் அண்டாது. அதில்தான் பெரியம்மா கொலு பொம்மை செய்கிறார், ஆனால் தசாவதாரமெல்லாம் இல்லை. இந்த வருஷத்துக்கு அவர் செய்துகொண்டிருப்பது அவருடைய தெரு. பூக்காரம்மா, தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர், மாட்டை அவிழ்த்துவிட்டுத் தேடுகிற தாத்தா, டியூஷனுக்குப் போகிற மூன்று பிள்ளைகள், எல்லாரும் ஒரு சாண் உயரம். இஸ்திரிக்காரர் பொம்மையின் கையில் இருக்கும் பெட்டிக்குள் நிஜமாகவே ஒரு பொட்டுக் கரித்துண்டு வைத்திருக்கிறார். மூடி போட்டுவிட்டால் வெளியே தெரியவே போவதில்லையே என்றேன். "அவருக்குத் தெரியும்ல" என்றார், பொம்மையைக் காட்டி. இரண்டு நாளுக்குக் கையெல்லாம் வெந்தய வாசனை, எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

சரி, பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு எழுபத்தெட்டு முடிந்துவிட்டது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொரு கண்ணில் நடுப்பக்கம் மங்கிக்கொண்டே வருகிறது, ஓரத்தில் இருப்பது தெரிகிறதாம், நேராகப் பார்ப்பது தெரியவில்லையாம். டாக்டர் இதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பலகைப் படம் போடுகிறவருக்குக் கண் போனால் என்ன மிச்சம் என்றுதான் தோன்றியது. ஆனால் அங்கே போய்ப் பார்த்தது வேறு.

தஞ்சாவூர்ப் படம் எப்படிப் போடுகிறார்கள் என்று அப்போது நாம் சரியாகக் கவனிக்கவில்லை. பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்த்து, அதன் மேல் கோடு போடுவார்கள். அப்புறம் கல் பதித்து, மக்கு இழுப்பார்கள். மக்கு என்பது அதே பொடியும் பிசினும் குழைத்த கூழ், அதைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு வைத்து நகையையும் மண்டபத் தூணையும் புடைப்பாக எழுப்ப வேண்டும். அதன் மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டி மேட்டிலும் பள்ளத்திலும் அழுத்துவார்கள். வண்ணம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பெரியப்பா இப்போது மக்கையும் ரேக்கையும் விரலாலேயே செய்கிறார். இடது கை ஆள்காட்டி விரல் முன்னால் போகிறது, தூரிகை பின்னால் வருகிறது. ஆலிலைக் கண்ணனின் கால் கொலுசை அவர் இழுத்ததை ஒன்றரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு முத்துக்குப் பக்கத்தில் அடுத்த முத்து, இடைவெளி மயிரிழை பிசகவில்லை. அது முடிந்ததும் பலகை பெரியம்மாவிடம் போகிறது. வண்ணமும் முகமும் கண்ணும் இப்போது அவர் வேலை. ஐம்பது வருஷமாக அவர் படத்தை இவரும் இவர் பொம்மையை அவரும் தொட்டதில்லை. போன வருஷம்தான் முதல்முறையாகத் தொட்டார்களாம்.

கண்ணாடிப் படத்தில் அவர்கள் படும் பாடு தனி. மராட்டிய ராஜா சரபோஜி காலத்திலிருந்து தஞ்சாவூரில் அந்தப் பழக்கம் இருக்கிறது. கண்ணாடியின் பின்பக்கம் வரைந்து முன்பக்கமாகப் பார்க்க வேண்டும், அதனால் எல்லாமே தலைகீழ் வரிசை. மற்ற படத்தில் கடைசியாக வைக்கிற கண்மணியும் மூக்குத்தியும் இதில் முதலில் வர வேண்டும், அதன் மேல் முகம், அப்புறம் புடவை, பின்னணி எல்லாவற்றுக்கும் பிறகு. இடது வலதும் மாறிவிடும். முகத்தின் வண்ணம் ஏறிவிட்டால் கண்ணைத் திருத்தவே முடியாது. அதனால் வெறும் கண்ணாடியில் பெரியம்மா இரண்டு கருப்புப் புள்ளி வைக்கிற நேரத்தில் பெரியப்பா தொண்டையைக்கூடக் கனைக்க மாட்டார். புள்ளி விழுந்ததும் "வந்துட்டாளா?" என்று கேட்பார். "வந்துட்டா" என்பார் பெரியம்மா. நான் இருந்தபோது வந்தது சரஸ்வதி.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தால் பழைய கதை ஓடும். பெரியப்பா சென்னைக் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்த 1966-இல்தான் ஓவியர் பணிக்கர் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தார். கூடப் பழகியவர்கள் மெழுகு வைத்துச் சாயம் ஏற்றுகிற பாட்டிக் துணி செய்து விற்ற காசில், சென்னைக்குத் தெற்கே கடலோரம் ஈஞ்சம்பாக்கத்தில் மனை வாங்கிக் குடிசை போட்டார்கள். இவரையும் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டதால் படிப்பு முடிந்ததும் ஊருக்கே திரும்பி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தார். அந்தக் காலத்துப் பாட்டிக் துண்டு ஒன்று இப்போது பூஜை அறைத் திரை. போகாமல் விட்டதில் வருத்தம் உண்டா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கடல் பக்கத்துல இருந்திருக்கலாம்னு தோணும்" என்றார், அவ்வளவுதான்.

படம் வாங்கி விற்கிற ஒருவர், தங்கத்துக்குப் பதில் மினுக்குத் தாளை ஒட்டிக் கொடுங்கள், மாதம் பத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அந்தத் தாள் சில வருஷத்தில் கறுத்துவிடும். பெரியப்பா முடியாது என்றுவிட்டார். பணக் கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அந்தப் பேச்சை அவர்கள் என்னிடம் எடுக்கவே இல்லை, பெரியம்மாவின் மளிகைச் சிட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

ரேழிச் சுவரில் நாம் கரியால் கிறுக்கினோமே. பெரிய கோவில் யானையைப் பார்த்துவிட்டு வந்து நீ முழுச் சுவருக்கும் யானை போட்டாய், நான் பக்கத்தில் காக்கா போட்டேன், பெரியம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லையே என்று இரண்டு பேரும் ராத்திரி பயந்துகொண்டு படுத்திருந்தோம். அந்தச் சுவருக்கு அதற்கப்புறம் வெள்ளையே அடிக்கவில்லை. நாம் ஊருக்குத் திரும்பிய மறுநாளே பெரியப்பா பிசின் கரைத்த தண்ணீரை மெல்ல ஊதித் தெளித்து கரி உதிராமல் பண்ணியிருக்கிறார். அப்புறம் வந்த பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் வரைந்திருக்கிறார்கள், பதினாலு படம் எண்ணினேன். ஒவ்வொன்றைச் சுற்றியும் மக்கு இழுத்து, நிஜத் தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்துச் சட்டம் போட்டிருக்கிறார், சாமி படத்துக்குப் போடுகிற அதே சட்டம். உன் யானைதான் எல்லாவற்றிலும் பெரிது. நாலு காலுக்குப் பதில் அஞ்சு கால் போட்டிருக்கிறாய், வாலைக் காலாக்கிவிட்டாயோ என்னவோ. அதைச் சுற்றித் தங்கம். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் சுவர் நன்றாக இல்லை. தெரு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது, மழைக்காலத்தில் தண்ணீர் சுவரடியில் நின்று ஓதம் ஏறுகிறது. யாரோ சொன்னதைக் கேட்டு அடிப்பக்கம் சிமெண்டுப் பூச்சு வைத்தார்களாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்பினால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், அப்படித்தான் ஏறியிருக்கிறது. உன் யானையின் துதிக்கை நுனியில் உப்புப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டுகிறது. வெயில் ஏறிச் சுவர் காயும்போது அந்த உப்பு உறைந்து பூச்சைத் தள்ளிவிடும், அப்போதுதான் அதிகம் உதிரும் என்கிறார் பெரியப்பா. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே வைக்கப் போகிறார்கள், அதற்குத் தெரிந்த கொத்தனார் ஒருவரைப் பேசியாயிற்று, செலவில் பாதி என்னுடையது என்று நானும் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்துவிட்டேன்.

பெரியப்பா அன்றைக்குப் பெரிய கோவிலைப் பற்றிச் சொன்னார். கருவறையைச் சுற்றின உள்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல்தான் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு தொல்லியல் துறை மேலே இருந்த நாயக்கர் படத்தைப் பூச்சோடு பெயர்த்து வேறு பலகையில் ஒட்டிக் காப்பாற்றியிருக்கிறது. "கீழே இருக்கறது ஒசத்தின்னு மேலே இருக்கறதச் சுரண்டிடல பாரு" என்றார். அதே மாதிரி யானையையும் பெயர்த்து எடுக்கலாமா என்று யோசித்திருக்கிறார், இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேண்டாமென்று விட்டுவிட்டார். சுற்றி இருக்கிற பூச்சைச் சரிசெய்வார், தங்கத்தைத் திரும்ப ஒட்டுவார், ஆனால் துதிக்கையில் போன கோட்டைத் தானும் தொட மாட்டாராம், பெரியம்மாவையும் தொட விடமாட்டாராம். "வரைஞ்சவ இருக்கால்ல, அவ வந்து போடட்டும். எங்க இருக்கா அவ?" என்று கேட்டார். உன் பெயரைச் சரியாகச் சொன்னார், முப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம்.

நீ ஏப்ரலில் வருவதாக எழுதியிருந்தாய். அதைப் பங்குனிக்குள் கொண்டுவர முடியுமா என்று பார். பரீட்சை முடிந்த கையோடு மகளையும் கூட்டிக்கொண்டு வா, பதினஞ்சாவது இடம் காலியாக இருக்கிறது. சென்னையில் இறங்கி என் வீட்டில் ஒரு நாள் தங்கு, மறுநாள் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது தஞ்சாவூர். தேதி சொன்னால் டிக்கெட் நான் போட்டுவிடுகிறேன். கரி கொண்டுவர வேண்டாம். பெரியம்மா இப்போதே கொட்டாங்கச்சியைச் சுட்டு உனக்கென்று ஒரு பாட்டிலில் போட்டு, ஹார்லிக்ஸ் வரிசையில் கடைசியாக வைத்துவிட்டார்.

அன்புடன்,
உன் மூன்றாம் பெஞ்ச் சிநேகிதி