சிகாகோவிலிருந்து அப்பாவுக்கு

சிகாகோ,
பிப்ரவரி 18

அன்பும் மதிப்பும் நிறைந்த அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே பனி இன்னும் விடவில்லை. வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு இந்தக் குளிருக்கு மெல்லத்தான் பழகுகிறது. ஆயினும் அறையிலும் நூலகத்திலும் கதகதப்பாக இருப்பதால் அம்மா கவலைப்பட வேண்டாம். டெவான் தெருக் கடைகளில் புழுங்கலரிசி, துவரம் பருப்பு எல்லாம் கிடைக்கின்றன. சமையல் நம் வீட்டுச் சமையல்தான்.

தமிழ்ச் சிறுவர் நூல்களை ஆராய அமெரிக்காவுக்கு ஏன் போக வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டீர்கள். வாழ்நாளெல்லாம் கிளை நூலகராக இருந்தவர் கேட்கும் கேள்வி அது; அவசரமாகப் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாக அமைகிறது.

அறுபதுகளில் ரேஷன் கடையில் வாங்கிய அமெரிக்கக் கோதுமையைப் பற்றித் தாத்தா அடிக்கடி சொல்வார் அல்லவா? 1954-இல் இயற்றப்பட்ட பி.எல். 480 என்னும் சட்டத்தின்படி வந்த கோதுமை அது. அதற்குரிய விலையை இந்தியா ரூபாயாகவே செலுத்தியது. அந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பெரிய இலக்கியங்களோடு மலிவு விலைச் சிறுவர் கதைகளும் பாட்டுப் புத்தகங்களும் சேர்ந்தே கப்பலேறின. நம் நூலகங்களில் முதலில் கிழிவதும், கிழிந்தது என்று பதிவேட்டிலிருந்து முதலில் நீக்கப்படுவதும் சிறுவர் நூல்களே என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அப்படி நம்மிடம் அழிந்தவற்றுள் சில இங்கே இருக்கின்றன.

நேற்று என் கைக்கு வந்தது ஒரு சிறுவர் பாட்டுப் புத்தகம். முப்பது பக்கத்துக்குச் சற்று அதிகம். பின் அடித்து மடித்த மெல்லிய புத்தகம். அதற்குக் கெட்டியான துணி அட்டை கட்டி, முதுகில் எண் ஒட்டி, ஆய்வு நூல்களுக்கு இணையாக வைத்திருக்கிறார்கள். தாள் பழுத்து, ஓரத்தைத் தொட்டால் உதிர்கிறது. துருப்பிடித்த பின்களைச் சுற்றிப் பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு கிறுக்கல்கூட இல்லை; யானைப் படத்துக்கு எவரும் வண்ணம் தீட்டவில்லை; முதல் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் தன் பெயரையும் வகுப்பையும் எழுதி வைக்கவில்லை. ஒரு குழந்தையும் படிக்காத காரணத்தால் பிழைத்திருக்கும் குழந்தைப் புத்தகம் அது. ஆய்வாளராக அதைக் கண்டு மகிழ்ந்தேன். உங்கள் மகளாக வருந்தினேன்.

தேடும் முறையைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். பழைய தமிழ் நூல்களின் பெயர்களைப் பெரும்பாலும் ரோமன் எழுத்தில்தான் பட்டியலிட்டிருக்கிறார்கள். நாம் பேச்சுவழக்கில் எழுதுவதுபோல் தட்டினால் ஒன்றும் கிடைப்பதில்லை. ழகரத்துக்கு இன்ன எழுத்து, அதன் கீழே கோடு என்ற அவர்களுடைய முறையைக் கற்றுக்கொண்ட பிறகே பட்டியல் வழிக்கு வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரீகன்ஸ்டைன் என்னும் பெரிய நூலகத்தை ஒட்டி, 2011-இல் திறந்த மன்சுவேட்டோ நூலகம் இருக்கிறது. மேலே கண்ணாடிக் கூரையின் கீழ் வாசிப்பறை. அதற்கடியில், நிலத்துக்குள், முப்பத்தைந்து லட்சம் நூல்களை வைக்கும் அளவுக்குக் கிடங்கு. கணினியில் கேட்டவுடன் இயந்திரக் கை உரிய பெட்டியை எடுத்து மேலே அனுப்ப, சில நிமிடங்களில் புத்தகம் தயாராகிவிடுகிறது. வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்ற நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் விதியைச் சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தீர்கள். அந்த விதி இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

இனி எழுதப்போவது நம் ஊர் தொடர்பானது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வித்திட்ட ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் பிறந்தவர் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவருடைய தாத்தா, கிறிஸ்தவ மிஷனரியான டாக்டர் ஜான் ஸ்கடர், அமெரிக்கச் சிறுவர்களுக்கென்றே நம்மைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். 1849-இல் நியூயார்க்கில் வெளியான அந்த நூலின் தலைப்பே நம்மை மெய்க்கடவுளை அறியாதவர்கள் என்கிறது. அன்புக் குழந்தைகளே என்று கனிவாக அழைத்து, நம் நிறம், நகை, உடை, வீடு, உண்ணும் முறை, வணங்கும் முறை என ஒவ்வொன்றாக விவரித்து, பிறகு நம் தெய்வங்களை இழிவாகப் பேசி, நீங்களும் வளர்ந்து ஊழியத்துக்கு வாருங்கள் என்று பிள்ளைகளைக் கேட்கிறார். அவருடைய பிள்ளைகள்தாம் 1853-இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். படிக்கையில் எனக்கு மனம் கசந்தது. பாட்டிக்குக் கண்ணொளி தந்த மருத்துவமனையும் அந்தக் குடும்பம் கொடுத்ததே என்பதையும் நான் மறக்கவில்லை. நன்றிக்காக அந்தப் பக்கங்களை மறைக்கக் கூடாது; அந்தப் பக்கங்களுக்காக நன்றியையும் விடக் கூடாது என்பதே என் எண்ணம்.

பெரியவர்களுக்கான நூலில் ஆசிரியர் வாதாட வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு எழுதும்போது தனக்கு ஐயமே இல்லாதவற்றை அப்படியே சொல்லிவிடுகிறார். ஒரு காலம் எதை நம்பியது என்பதை அறியச் சிறுவர் நூலைப் போன்ற சான்று வேறில்லை என்று நான் கருதுவது இதனால்தான். 1944-இல் அழ. வள்ளியப்பா ‘மலரும் உள்ளம்’ என்னும் சிறுவர் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டதையும், 1947-இல் அம்புலிமாமா இதழ் தொடங்கியதையும், 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானதையும், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்ததையும் தனித்தனிச் செய்திகளாகவே அறிந்திருந்தேன். ஸ்கடரின் நூலைப் படித்துவிட்டு அவற்றுக்குத் திரும்பும்போது, நம் பிள்ளைகளுக்கு நம் உலகத்தை நாமே சொல்ல வேண்டும் என்று ஒரு தலைமுறை எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது புரிகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க இடம் கிடைத்ததே நான் இங்கு வந்ததன் பயன்.

ஆனால் இங்கேயும் எல்லாம் இல்லை. சென்னைப் பதிப்பகங்களின் நூல்கள் கிடைக்கும் அளவுக்கு மாவட்டத்து அச்சகங்களின் வெளியீடுகள் கிடைக்கவில்லை. வேலூரிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் அச்சான பள்ளி நாடகங்கள், ஆண்டு விழா மலர்கள், ஆசிரியர்கள் தம் செலவில் போட்ட பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றை எவ்வளவு தேடியும் என்னால் இங்கே காண முடியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைத் தம்பியை விட்டு இறக்கச் சொல்லுங்கள். அம்மா வீட்டைச் சுத்தம் செய்யும்போது அதிலிருந்து எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டாம். அட்டை போனதும் பாதி கிழிந்ததும்கூட இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் அச்சகம், ஆண்டு, விலை உள்ள பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும். பிள்ளைகள் பெயர் எழுதிய பக்கம் இருந்தால் அதையும் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். உங்களோடு பணியாற்றிய குடியாத்தத்து மாமாவிடமும் இப்படி ஏதேனும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர் பள்ளி மலர்களைச் சேர்த்து வைத்திருந்ததாக நினைவு.

பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெட்டியைத் திறக்கும்போது தூசி கிளம்பும். நீங்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்